வலி மாத்திரையும் இரத்த அழுத்தமும்: வயதானவர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருந்து வழங்கும் இடத்தில் வேலை செய்பவர்களிடம் இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். மூட்டுவலி மாத்திரையைப் பற்றிக் கேட்பவர்களும் பலர். இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்கள்தாம் குறைவு. பெரும்பாலும் அழுத்தம் கட்டுக்குள் வராமல் போன பிறகே, 'இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ' என்ற ஐயம் எழுகிறது. அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் பொதுவானவை, ஒருவர் எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவருடைய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வலி மாத்திரைக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்? வலி மாத்திரை வலியைத்தானே குறைக்கணும்?

அடிபட்ட இடத்திலும் வீங்கிய மூட்டிலும் புரோஸ்டாகிளாண்டின் எனப்படும் வேதிப்பொருள்கள் உருவாகி, வலியையும் வீக்கத்தையும் கூட்டுகின்றன. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் இப்பொருள்களை உருவாக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியைத் தடுத்து வலியைத் தணிக்கின்றன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இவ்வாறுதான் வேலை செய்கின்றன என்று 1971இல் விளக்கியவர் ஜான் வேன். 1982இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இதே புரோஸ்டாகிளாண்டின்கள் சிறுநீரகத்தில் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. இரத்தம் உள்ளே வரும் நுண்குழாய்களை அவை விரித்து வைக்கின்றன. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்ற உதவுகின்றன. விழுங்கிய மாத்திரை முழங்காலுக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. அது சிறுநீரகத்திலும் இவற்றைக் குறைத்துவிடுவதால், வெளியேற வேண்டிய உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, இரத்தக் குழாய்களும் சற்றே இறுகுகின்றன. அழுத்தம் கூடுவது இதனால்தான்.

எந்தெந்த மாத்திரையைச் சொல்றீங்க? எல்லா வலி மாத்திரையும் இப்படித்தானா?

எல்லாம் அல்ல. மேலே சொன்னது, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்ற கூட்டத்துக்குப் பொருந்தும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், இண்டோமெத்தசின், பைராக்சிகாம், கீட்டோரோலாக், மெலாக்சிகாம், எடோரிகாக்சிப், செலிகாக்சிப் ஆகியவை இதில் அடங்கும். இனி இப்பக்கத்தில் 'அழற்சி எதிர்ப்பு மாத்திரை' என்று வருமிடமெல்லாம் இவற்றையே குறிக்கும். பாராசிட்டமால் இக்கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். மருந்தின் பெயர் அட்டையின் பின்புறம், வெள்ளிக் காகிதத்தில், கண்ணாடி போட்டும் படிக்கச் சிரமமான பொடி எழுத்தில் இருக்கும். படிக்க வேண்டியது அதைத்தான். பையில் இருக்கும் அட்டைகளையெல்லாம் மேசையில் கொட்டிப் பார்க்கும்போது, முதுகுவலிக்கென்று வாங்கிய அட்டையிலும் பல்வலிக்கென்று வாங்கிய அட்டையிலும் ஒரே டைக்ளோஃபெனாக் இருப்பதும், ஒன்றில் அது பாராசிட்டமாலோடு கலந்திருப்பதும் அரிதன்று. இரண்டு நிறம், இரண்டு பெயர் என்பதால் இரண்டு வேறு மருந்து என்று நம்பி, ஒரே நாளில் இரட்டிப்பு அளவை விழுங்கிவிடுகிறார்கள்.

எவ்வளவு ஏறும்? ஒண்ணு ரெண்டு புள்ளிக்கா இவ்வளவு பயம்?

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சராசரியாக 3 முதல் 5 புள்ளி (மி.மீ.) வரை ஏறுவதாகக் கண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஏற்றம் கூடுதலாக இருக்கிறது. சராசரி என்பதால் ஒருவருக்கு ஒன்றுமே ஏறாமலும், இன்னொருவருக்குப் பத்துக்கு மேல் ஏறியும் இருக்கலாம். யாருக்கு எவ்வளவு என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

மருந்துக்கு மருந்தும் வேறுபடும். இதய நோய் உள்ள அல்லது அது வரும் வாய்ப்பு அதிகமுள்ள மூட்டுவலிக்காரர்கள் 444 பேருக்கு, 24 மணி நேரமும் அழுத்தத்தை அளக்கும் கருவி பொருத்திச் செய்த ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளிவந்தது. நான்கு மாத முடிவில் மேல் அளவு ஐபுபுரூஃபன் எடுத்தவர்களுக்கு 3.7 புள்ளியும், நாப்ராக்ஸன் எடுத்தவர்களுக்கு 1.6 புள்ளியும் ஏறியிருந்தது. செலிகாக்சிப் எடுத்தவர்களுக்கு 0.3 புள்ளி இறங்கியிருந்தது. தொடக்கத்தில் அழுத்தம் சரியாக இருந்தவர்களில் புதிதாக உயர் இரத்த அழுத்தத்துக்குள் போனவர்கள், ஐபுபுரூஃபன் குழுவில் 23.2 விழுக்காடு, செலிகாக்சிப் குழுவில் 10.3 விழுக்காடு. அழுத்தம் நான்கைந்து புள்ளி உயர்ந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால் பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றின் வாய்ப்பும் சேர்ந்து உயரும். ஒரு நாள் ஏற்றத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; நாள்தோறும் விழுங்கும் பழக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

என் பையனும் இதே மாத்திரைதான் போடுறான், அவனுக்கு ஒண்ணும் ஆகலையே. வயசானவங்களுக்கு மட்டும் ஏன்?

இளம் வயதில் சிறுநீரகத்துக்குத் தேவைக்கு மேல் திறன் இருக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். நாற்பது வயதுக்குப் பிறகு அதன் வடிகட்டும் திறன் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகக் குறைகிறது. இரத்தக் குழாய்கள் விறைக்கின்றன. உண்ட உப்பை வெளியேற்றும் வேகமும் தணிகிறது. இந்நிலையில் சிறுநீரகம் தன் இரத்த ஓட்டத்தைக் காத்துக்கொள்ளப் புரோஸ்டாகிளாண்டினையே பெரிதும் நம்பியிருப்பதால், அதைத் தடுக்கும் மாத்திரை முதியவரைக் கூடுதலாகப் பாதிக்கிறது. மகனுக்கு அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் இல்லை. தந்தைக்கு இரண்டும் இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எப்பவாவது ஒண்ணு போட்டாலுமா? எத்தனை நாள் போட்டா பிரஷர் ஏறும்?

எப்போதோ ஒரு நாள் ஒரு மாத்திரை போட்டதால், சிறுநீரகமும் இதயமும் நன்றாக உள்ள ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க ஏற்றம் ஏற்படுவது அரிது. தொடர்ந்து போடும்போது சில நாள்களிலேயே உப்பும் நீரும் தங்கத் தொடங்குகின்றன. ஓரிரு வாரங்களில் ஏற்றம் அளவியில் தெரியவரும். நிறுத்தினால் பெரும்பாலும் சில நாள்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

இறங்கும் வேகம் மருந்தைப் பொறுத்தது. ஐபுபுரூஃபன் சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறையும். நாப்ராக்ஸனுக்கு 12 முதல் 17 மணி நேரம், எடோரிகாக்சிபுக்குச் சுமார் 22 மணி நேரம், பைராக்சிகாமுக்கு ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். 'நேற்றே நிறுத்திவிட்டேன், இன்றும் குறையவில்லையே' என்பவர் எந்த மாத்திரையை நிறுத்தினார் என்று பார்க்க வேண்டும்.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை போட்டும் குறையல. டோஸை ஏத்திட்டா சரியாயிடாதா?

இக்கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. ஏறிய அழுத்தத்துக்குக் காரணம் வலி மாத்திரையாக இருக்கும்போது அழுத்த மாத்திரையைக் கூட்டினால், ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்தைக் கொடுத்ததாகிறது. புதிய மருந்தால் கால் வீங்கினால் அதற்கு நீர் பிரியும் மாத்திரை, அதனால் பொட்டாசியம் குறைந்தால் அதற்கு ஒரு மருந்து என்று சங்கிலி நீளும். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், அழற்சி எதிர்ப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடப் புதிதாக அழுத்த மருந்து தொடங்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1.7 மடங்காக இருந்தது.

இதில் மருத்துவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 'வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்' என்று அவர் கேட்கும்போது, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் எடுப்பதைச் சொல்பவர்கள், முழங்காலுக்குத் தானாக வாங்கிப் போடுவதைச் சொல்வதில்லை. அவர்கள் மறைக்கவில்லை. சீட்டில் எழுதித் தந்தால்தான் அது மருந்து என்று நினைக்கிறார்கள். அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டும் முன், கடந்த ஒரு மாதத்தில் விழுங்கியவை எல்லாவற்றையும், வாரம் எத்தனை என்ற கணக்கோடு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரையை நிறுத்தியோ மாற்றியோ இரண்டு வாரம் அளந்து பார்க்கலாமா என்று நீங்களே கேட்பதிலும் தவறில்லை.

எந்தப் பிரஷர் மாத்திரையோட இது சேரக்கூடாது?

எனலாபிரில், ராமிபிரில் வகையும், லோசார்டன், டெல்மிசார்டன் வகையும், ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், ஃப்ரூஸ்மைடு போன்ற நீர் பிரியும் மாத்திரைகளும் சிறுநீரகத்தின் வழியாக வேலை செய்பவை. அழற்சி எதிர்ப்பு மாத்திரை இவற்றின் பலனைக் குறைக்கிறது. அடினோலால், மெட்டோபிரோலால் வகையின் பலனும் ஓரளவு குறையக்கூடும். அம்லோடிபின் போன்றவை இரத்தக் குழாயின் தசையை நேரடியாகத் தளர்த்துவதால் அவற்றின் பலன் அவ்வளவாகக் குறைவதில்லை. அதற்காக அம்லோடிபின் எடுப்பவர் கவலையின்றி வலி மாத்திரை போடலாம் என்று கொள்ளக் கூடாது. உப்பும் நீரும் தங்குவது அவருக்கும் நடக்கும்.

மூன்றும் கூடும்போதுதான் உண்மையான ஆபத்து: இரண்டாவதாகச் சொன்ன டெல்மிசார்டன் வகையோ முதலில் சொன்ன ராமிபிரில் வகையோ ஒன்று, அதனுடன் நீர் பிரியும் மாத்திரை, அதன் மேல் வலி மாத்திரை. வலி மாத்திரை சிறுநீரக வடிகட்டிக்குள் வரும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்டன் வகை வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. நீர் பிரியும் மாத்திரை மொத்த நீரளவைக் குறைக்கிறது. வடிகட்டத் தேவையான அழுத்தம் மூன்று பக்கமும் விழுந்து, சிறுநீரகம் திடீரெனச் செயல் குன்றலாம். பிரிட்டனில் அழுத்த மருந்து எடுப்போர் 4,87,372 பேரின் பதிவுகளைக் கொண்டு 2013இல் வெளிவந்த ஆய்வில், மூன்றையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இந்த வாய்ப்பு 31 விழுக்காடும், முதல் 30 நாள்களில் 82 விழுக்காடும் கூடுதலாக இருந்தது. ஒரே மாத்திரைக்குள் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் கலந்து வருவதுண்டு என்பதால், 'நான் ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதான் போடுகிறேன்' என்பவரும் அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உடலில் நீர் வற்றிய நாள்களில் இக்கூட்டு இன்னும் மோசமானது. அந்நாள்களில் அழற்சி எதிர்ப்பு மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

அப்போ பாராசிட்டமால் மட்டும் போட்டா பயமே இல்லையே?

முதியவரின் சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் முதலில் கருத வேண்டியது இன்றும் பாராசிட்டமால்தான். சிறுநீரகத்தின் மீதும் வயிற்றின் மீதும் அதன் தாக்கம் குறைவு. ஆனால் 'பயமே இல்லை' என்ற சொல்லை 2022இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு சற்றுத் திருத்திவிட்டது. உயர் இரத்த அழுத்தம் உள்ள 110 பேருக்கு, இரண்டு வாரம் நாளொன்றுக்கு 4 கிராம் பாராசிட்டமாலும், இன்னொரு இரண்டு வாரம் மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பாராசிட்டமால் எடுத்த வாரங்களில் மேல் அளவு ஏறத்தாழ 5 புள்ளி கூடுதலாக இருந்தது.

4 கிராம் என்பது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு. பெரியவர் ஒருவருக்கான நாளின் உச்ச அளவு. தலைவலிக்கு ஒன்றிரண்டு போடுபவருக்கு இம்முடிவு பொருந்தாது என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். நாள்பட்ட வலிக்கு மாதக்கணக்கில் முழு அளவை எடுப்பவர்கள் மட்டும் அழுத்தத்தை அளந்துவர வேண்டும். உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்த முதியவருக்கும் கல்லீரல் பழுது உள்ளவருக்கும் 4 கிராம் அதிகம். அவர்களுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணியில போட்டா நுரைச்சுக் கரையுற மாத்திரை, விழுங்க சுலபமா இருக்கு. அது பரவாயில்லையா?

அழுத்தம் உள்ளவருக்கு அது உகந்ததல்ல. நுரைத்துக் கரைவதற்காக அதில் சோடியம் பைகார்பனேட் போன்ற உப்புகளைச் சேர்க்கிறார்கள். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள இத்தகைய ஒரு மாத்திரையில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். எட்டு மாத்திரை போட்டால் 3 கிராமைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒருவரின் நாள் முழுதுக்கும் பரிந்துரைக்கும் உச்சமே 2 கிராம் சோடியம்தான், அதாவது 5 கிராம் உப்பு. சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டு, குவளையில் அதைக் கரைத்துக் குடித்தால் பயனில்லை. விழுங்கச் சிரமப்படுபவர், சோடியம் குறைந்த திரவ வடிவம் உண்டா என்று கேட்கலாம்.

இதயத்துக்குத் தினமும் ஆஸ்பிரின் போடுறேன். அதுவும் வலி மாத்திரைதானே, நிறுத்திடட்டுமா?

நிறுத்தாதீர்கள். மாரடைப்பையோ பக்கவாதத்தையோ தடுக்க எடுக்கும் 75 முதல் 100 மில்லிகிராம் வரையிலான சிறு அளவு ஆஸ்பிரின், இரத்த அழுத்தத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் ஏற்றுவதில்லை. உங்களாகவே நிறுத்தினால் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். வலிக்காகப் பெரிய அளவில் எடுக்கும் ஆஸ்பிரின் வேறு. அது அழற்சி எதிர்ப்புக் கூட்டத்தோடு சேர்ந்தது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கக்கூடும். இரத்தத் தட்டணுக்களில் ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை ஐபுபுரூஃபன் முன்கூட்டியே மறித்து நின்றுவிடுகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் தந்த அறிவுரை இது: உடனே கரையும் ஆஸ்பிரினை எடுத்து அரை மணி நேரமாவது கழித்து ஐபுபுரூஃபன் எடுக்க வேண்டும், அல்லது ஐபுபுரூஃபனை எடுத்து எட்டு மணி நேரம் கடந்த பிறகே ஆஸ்பிரின் எடுக்க வேண்டும். இதய நோயாளி ஐபுபுரூஃபனைத் தவிர்ப்பதே இந்தக் கணக்கைவிட எளிது.

கேஸ் மாத்திரையோட சேர்த்துத்தான் போடுறேன். அப்புறம் என்ன?

ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்றவை வயிற்றில் புண் வராமல் காக்கின்றன. அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவற்றால் ஒரு பாதுகாப்பும் இல்லை.

வயித்தைக் கெடுக்காத புது வகை மாத்திரைன்னு எழுதிக் கொடுத்தாங்க. அது பிரஷரையும் ஏத்தாதா?

செலிகாக்சிப், எடோரிகாக்சிப் போன்றவை வயிற்றைக் குறைவாகத் தொல்லை செய்யும்படி உருவாக்கப்பட்டவை. வயிற்றுக்கு மென்மையானது என்பதால் இதயத்துக்கும் மென்மையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இவ்வகையில் புகழ்பெற்றிருந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவது தெரியவந்து, 2004 செப்டம்பரில் அதன் நிறுவனத்தாலேயே உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. எடோரிகாக்சிப் அழுத்தத்தை நன்றாகவே ஏற்றக்கூடியது. அழுத்தம் 140/90க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பது ஐரோப்பாவில் அம்மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. செலிகாக்சிப் இவ்விஷயத்தில் ஓரளவு மேல் என்பதை மூன்றாவது கேள்வியின் விடையில் உள்ள எண்கள் காட்டுகின்றன. அதுவும் அளவோடு கொடுக்கப்பட்டபோது.

மாத்திரை வேண்டாம், ஜெல் தடவிக்கிறேன். அதுவும் ரத்தத்துல கலக்குமா?

கலக்கும், ஆனால் மிகக் குறைவு. ஒரு முழங்காலில் முறைப்படி தடவிய டைக்ளோஃபெனாக் ஜெல்லிலிருந்து இரத்தத்தில் சேர்வது, மாத்திரையாக விழுங்குவதோடு ஒப்பிட்டால் சுமார் 6 விழுக்காடுதான். முழங்கால், கைவிரல் மூட்டு போன்ற, தோலுக்கு அருகிலுள்ள மூட்டுகளின் வலிக்கு முதியவர்கள் மாத்திரையைவிட இதையே முதலில் முயன்று பார்க்கலாம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே அவ்வளவாகப் பலன் தராது.

இரண்டு முழங்கால், இரண்டு தோள், முதுகு என்று நாளெல்லாம் தடவினால் சேரும் அளவும் ஏறும். தடவிய இடத்தின் மேல் இறுக்கமாகத் துணி சுற்றுவதும் ஒத்தடம் கொடுப்பதும் மருந்து உள்ளே போவதைக் கூட்டும். ஜெல்லும் தடவி அதே மருந்தின் மாத்திரையும் விழுங்குவதில் பொருளே இல்லை.

மாத்திரைதானே கெடுதல், ஊசியா போட்டுக்கிட்டா?

எந்த வழியில் போனாலும் மருந்து ஒன்றே. வயிற்றின் வழியாகப் போகாததால் சிறுநீரகம் தப்பிவிடாது.

வலியே பிரஷரை ஏத்தும்னு சொல்றாங்களே. அப்போ வலியைப் பொறுத்துக்கிட்டா ஏறாதா?

கடும் வலி இருக்கும்போது அழுத்தம் ஏறுவது உண்மை. வலியால் தூக்கம் கெடுவதும், நடக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதும் அழுத்தத்துக்கு நல்லதல்ல. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அழுத்தத்தைக் குறைவாகப் பாதிக்கும் வழியில் வலியைத் தணிக்க வேண்டும் என்பதே சொல்ல வருவது.

முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, கூடுதல் எடையைக் குறைப்பது, வெந்நீர் ஒத்தடம், கைத்தடி, பிறகு ஜெல், பிறகு பாராசிட்டமால் என்று படிப்படியாகப் போகலாம். இவை போதாமல் அழற்சி எதிர்ப்பு மாத்திரை தேவைப்பட்டால், மருத்துவர் சொல்லும் மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாள்களுக்கு எடுக்கலாம். கீல்வாதம் திடீரென மூண்டு பெருவிரல் சிவந்து வீங்கும்போது மருத்துவர் சில நாள்களுக்கு எழுதித் தருவதும், வருடக்கணக்கில் தினம் இரண்டு வேளை விழுங்குவதும் ஒன்றல்ல.

டிராமடால், பிரிகாபலின் எல்லாம் இந்தக் கூட்டத்துல இல்லையே, அதுக்கு மாறிக்கலாமா?

அவை வேறு வழியில் வேலை செய்வதால் முதல் கேள்வியில் சொன்ன சிறுநீரகச் சிக்கல் அவற்றுக்கு இல்லை. ஆனால் டிராமடால் மயக்கம், குமட்டல், மலச்சிக்கல் தரும். பிரிகாபலின் தலைசுற்றலோடு கால் வீக்கமும் தரும்; இதயம் பலவீனமானவர்களுக்கு அதை எச்சரிக்கையோடுதான் கொடுப்பார்கள். முதியவர் ஒருவர் இரவில் எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது, ஐந்து புள்ளி அழுத்தத்தைவிடச் சிறிய ஆபத்தல்ல. நரம்பு வலிக்கு இவை உதவலாம். மூட்டுவலிக்கு, அழுத்தத்துக்குப் பயந்து நீங்களாக மாறிக்கொள்ள வேண்டிய மருந்துகள் அல்ல.

மூலிகை மாத்திரைன்னா கவலை இல்லைதானே? சளி மாத்திரை?

அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாக எடுத்தால், அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றும். போட்ட இரண்டாம் நாளே வலி பறந்துபோகும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டோ டைக்ளோஃபெனாக்கோ கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டும் அழுத்தத்தை ஏற்றும் மருந்துதான். உள்ளே என்ன இருக்கிறது என்று உறையில் எழுதப்படாத எதையும் வாங்க வேண்டாம்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து வரும் மாத்திரைகளில், பாராசிட்டமாலுடன் மூக்கடைப்பு நீங்க ஃபினைலெஃப்ரினோ சூடோஎஃபெட்ரினோ இருக்கும். இவை இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. அழுத்தம் கட்டுப்படாதவர்கள் தவிர்க்க வேண்டும். வெறும் பாராசிட்டமால் என்று நினைத்து இவற்றை வாங்கிவிடுவது எளிதில் நேரும்.

கால் வீங்கியிருக்கு. அம்லோடிபினாலன்னு சொன்னாங்க. வலி மாத்திரையாலயும் வருமா?

இரண்டாலும் வரும். அம்லோடிபினால் வருவது, கணுக்காலில் நீர் கசிந்து நிற்பது. பொதுவாக மாலையில் அதிகமாகவும் காலையில் குறைவாகவும் இருக்கும், உடல் எடை பெரிதாக ஏறாது. அழற்சி எதிர்ப்பு மாத்திரையால் உடல் முழுவதும் உப்பும் நீரும் தங்குவதால் எடை ஏறும், அழுத்தமும் ஏறும், முகமோ கையோ கூட உப்பலாம். காலுறை கழற்றிய இடத்தில் ஆழமான வரி விழுவதும், விரலால் அழுத்திய குழி நிரம்ப நேரமாவதும் இரண்டிலும் உண்டு. அதை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. வலி மாத்திரை தொடங்கிய நாளையும் வீக்கம் தொடங்கிய நாளையும் நாள்காட்டியில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

இதயம் பலவீனமானவர்களுக்கு இது வெறும் வீக்கத்தோடு நிற்காது. அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதாக 2013இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் என்றால் அழுத்தத்தை அளந்துகொண்டிருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

வலி மாத்திரையாலதான் ஏறுதுன்னு வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கறது?

மேல்கையில் சுற்றும் தானியங்கி அளவி போதும். முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் என ஒரு வாரம் குறித்துவையுங்கள். அதே வரியில், அன்று எந்த வலி மாத்திரை எத்தனை, வலி எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். பலர் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். மாத்திரைக் கட்டம் காலியாக இருந்தால் அந்த நோட்டால் இக்கேள்விக்கு விடை கிடைக்காது.

டாக்டரே ரெண்டு மாத்திரையையும் எழுதியிருக்கார். அப்போ தப்பில்லைதானே?

தெரிந்தே எழுதியிருக்கலாம், சில நோயாளிகளுக்கு அதுவே சரியான முடிவாகவும் இருக்கும். முடக்குவாதம் உள்ளவருக்கு அந்த மாத்திரையின்றி கையை மடக்க முடியாமல் போகலாம். அப்படி எழுதும்போது ஓரிரு வாரத்தில் அழுத்தத்தையும், இரத்தத்தில் பொட்டாசியம் அளவையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவையும் பார்ப்பது வழக்கம். 'இரண்டையும் எத்தனை நாள் சேர்த்துப் போடணும், ரத்தப் பரிசோதனை எப்போ' என்று கேட்டுவிடுங்கள். எலும்பு மருத்துவர் ஒருவர் எழுதியதும் இதய மருத்துவர் ஒருவர் எழுதியதும் என்றால், ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொண்டு இரண்டையும் காட்டுங்கள். பொட்டாசியத்தை உடலில் தேக்கும் நீர் பிரியும் மாத்திரையான ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியப் பரிசோதனை கூடுதல் அவசியம்.

வலி மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு. இப்போ எழுந்து நின்னா தலை சுத்துது. வலி மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். வலி மாத்திரை அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்த நாள்களில், அதை இறக்குவதற்காக உங்கள் அழுத்த மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருக்கலாம். இப்போது ஏற்றும் மருந்து போய்விட்டது. கூட்டிய அளவு அப்படியே இருப்பதால் அழுத்தம் தேவைக்குக் கீழே இறங்குகிறது. உட்கார்ந்து ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். நின்றதும் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், அந்த எண்களோடு அழுத்த மாத்திரை எழுதிய மருத்துவரைப் பாருங்கள். குறைக்க வேண்டியது அந்த மாத்திரையாக இருக்கலாம். அதுவரை படுக்கையிலிருந்து எழும்போது சற்று நேரம் விளிம்பில் உட்கார்ந்து, பிடிமானத்தோடு எழுந்திருங்கள்.